பாலத்தில் மாட்டிக்கொண்ட முந்திரி

பார்த்து ஏறுங்கள், படி செங்குத்து. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடிப்படி என்றாலே இப்படித்தான். ஒரு கால் வைக்கத்தான் இடம். கைப்பிடிக் கம்பியில் யாராவது நனைந்த குடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே புடவைக்கடை. தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம். ஜாலான் துன் சம்பந்தன் நெடுக விளக்குத் தோரணம், கடைக்குக் கடை ஒலிபெருக்கி, முறுக்கு வேகும் எண்ணெய் வாசனை. இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாத கதவு ஒன்று இரண்டாம் மாடியில் இருக்கிறது. அதற்குள் நுழைய எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! மூன்று மாதம் கேட்டுக் கேட்டு வாங்கியது. செருப்பை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், உங்களையும் கூட்டிப் போகிறேன்.

உள்ளே ஐந்து பேர், பதினோரு திரை, ஒரு பிள்ளையார். பிள்ளையார் இணையப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். சூடு தாங்குமா என்று கேட்டேன். "அவரு உட்கார்ந்த நாள்லேர்ந்து லைன் விழுந்ததே இல்லக்கா, எடுத்துடாதீங்க" என்று பதறினான் கண்ணாடி போட்ட தம்பி. தரையெங்கும் வயர். மேசை விளிம்பில் பாதி தின்ற முறுக்கு, அதன் பக்கத்தில் அரிசி நிரப்பிய டப்பாவில் குளித்துக் காயும் ஒரு கைப்பேசி. ஏர்கோன் உறுமுகிறது, ஆனாலும் எல்லார் நெற்றியிலும் வேர்வை. காலை பத்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். இப்போது இரவு எட்டேகால்.

இவர்கள் செய்வது கைப்பேசியில் தமிழ் எழுதும் செயலி. குறிப்பேடு மாதிரி, எழுத எழுதச் சொல்லை எடுத்துக் கொடுக்கும், சந்திப்பிழை இருந்தால் மெல்லக் கோடு போடும். நமக்குத் தெரிகிற முகம், பொத்தான், வண்ணமெல்லாம் கோட்லின் என்ற மொழியில். அடியில் சொற்களைத் தேடிப் பிடிக்கும் இயந்திரம் சி பிளஸ் பிளஸ்ஸில். இரண்டும் ஒரே கைப்பேசிக்குள் குடியிருந்தும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. நடுவே ஒரு பாலம். ஜேஎன்ஐ என்று பெயர்; கோட்லின் பின்னால் வந்து சேர்ந்த ஜாவா உலகத்துக்கு அது 1997இலேயே வந்துவிட்டது. கோட்லின் கரையிலிருந்து எது நடந்து வந்தாலும் பாலத்தின்மேல் அது முக்காடு போட்ட உருவம்தான். 'ஆப்ஜெக்ட்' என்று ஒரே பெயர். உள்ளே இருப்பது சொல்லா, எண்ணா, பட்டியலா என்று அக்கரையில் நிற்பவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல், சொல்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு எண்ணைப் பிரித்தால், செயலி நின்ற இடத்திலேயே சுருண்டு விழும்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் நிரல்துண்டுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது: 'யார் நீ'. கோப்புக்குக் கோப்பு, வரிக்கு வரி, யார் நீ, யார் நீ, யார் நீ. நடுராத்திரியில் கதவைத் தட்டினால் பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாளே, அதே தொனியில்தான் எனக்குக் கேட்டது.

இந்தச் சுவரைப் பாருங்கள். வெள்ளைப்பலகையில் பாதி அம்புக்குறி, மீதி கடும் தகராறு. மேல் மூலையில் சிவப்பு மையில் இரண்டு மலாய்ச் சொற்கள், 'அழிக்காதே' என்ற எச்சரிக்கையோடு. முதல் சொல் ரோமன் எழுத்தில் கே, ஓ, எல், ஏ, எம். நீங்களும் நானும் பார்த்தால் வாசலில் போடும் கோலம். மலாய்க்காரர் பார்த்தால் குளம். அந்த மலாய்ச் சொல்லே நம் குளம் கடல் தாண்டிப் போய்க் குடியேறியதுதான்! இரண்டாவது சொல் பி, ஏ, டி, ஏ, எம். நமக்குப் படம், மலாயில் 'அழி'. முந்தைய பதிப்பில் பொத்தான்களின் பெயர்கள் மலாயில் இருந்தபோது, ஓர் அத்தை பேரனின் படத்தைப் பார்க்கப் போய் அந்தப் பொத்தானை அமுக்கி, மூன்று வாரச் சமையல் குறிப்பை மொத்தமாக இழந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தச் சொல் பலகையில் நிரந்தரக் குடி.

"எழுத்து ஒண்ணுதான், வகைதான் வேற. எங்க வேலையே இதுதான்கா" என்றார் குழுவின் மூத்தவர். நாற்பதைத் தொடும் வயது. எல்லாரும் அவரை அண்ணே என்கிறார்கள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டு ஒரு பொக்கிஷத்தையும் கையில் வைத்தார். மலாயில் வகைக்கு ஒரு சொல் 'பாகாய்'; பலவகை என்பதற்கு 'பெல்பாகாய்'. அந்தப் பாகாய் வேறு யாருமில்லை, நம்முடைய 'வகை'தான். கப்பலும் கடையும் போனதுபோல அதுவும் மலாய்க்குள் போயிருக்கிறது. இரண்டு மொழிகளுக்கு இடையே நடக்கும் வகைச் சோதனையைப் பார்க்க வந்த இடத்தில், வகை என்ற சொல்லே பாலம் கடந்த சொல் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? எனக்குப் புல்லரித்தது. இதோ, எழுதும்போதும்.

ஒன்பது மணிக்குச் சோதனைக்காரத் தம்பி வந்தான். அவனுக்குப் பார்வை கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே ரயில் நிலையத்திலிருந்து வந்தவன், என் குரலைக் கேட்டதும் "புது ஆளா? முறுக்கு சாப்பிட்டீங்களா?" என்றான். எனக்குக் கிடைத்த முதல் 'யார் நீ'!

அவன் செயலியைப் பார்ப்பதில்லை, கேட்கிறான். கைப்பேசியில் டாக்பேக் என்ற வசதி, தொட்டதையெல்லாம் படித்துச் சொல்கிறது. அவன் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மழை தகரத்தில் விழுவதுபோல் இருந்தது. விரல் தாவித் தாவிப் போகிறது. திடீரென்று நிறுத்தினான்.

"அண்ணே, பேசிக்கிட்டே இருந்தது, பட்டுனு வீட்டுக்குப் போயிடுச்சு."

செயலி செத்து, கைப்பேசி முகப்புப் பக்கத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறது. என்ன செய்தாய் என்று கேட்டால், எதையும் நகலெடுக்காமலேயே 'ஒட்டு' பொத்தானை அமுக்கினானாம். கண் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பொத்தான் மங்கலாகத் தெரியும். அவனுக்குப் பொத்தான் என்றால் பொத்தான்.

நான் பார்த்ததிலேயே அருமையான குட்டி நாடகம் இங்கேதான் நடந்தது. ஒட்ட எதுவும் இல்லாததால் பாலத்தில் 'எதுவுமில்லை' நடந்து வந்திருக்கிறது. நல் என்று சொல்வார்கள். கோட்லின் கரையில் நின்றுகொண்டு 'இந்த எதுவுமில்லை ஒரு சொல்லா?' என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும். ஜாவாவும் அப்படியே. அதே கேள்வியைப் பாலத்தின் மேலே நின்று கேட்டால் 'ஆமாம்' என்கிறது! பாலத்தின் சட்டம் அப்படி: எதுவுமில்லை என்பதை எந்த வகையாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சொல்லா? ஆமாம். எண்ணா? ஆமாம். பட்டியலா? அதற்கும் ஆமாம். எல்லா வாசலிலும் தலையாட்டி உள்ளே வந்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் இலைக்கு முன்னால் ஆளே இல்லை.

"கல்யாண வீட்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட பொண்ணு வீடுன்னும், பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட மாப்பிள்ளை வீடுன்னும் சொல்லிட்டுச் சாப்பிட்டுப் போவான்ல, அவன்தான்கா இது" என்றாள் மூலை மேசைத் தங்கச்சி. அறையே குலுங்கிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடித் தம்பி ஒரு வரி சேர்த்தான். 'யார் நீ' கேட்பதற்கு முன்னால் 'வந்திருக்கிறாயா?' என்று கேட்கும் வரி. சோதனைக்காரத் தம்பி மறுபடி அமுக்கினான். கைப்பேசி அமைதியாக 'ஒட்ட எதுவும் இல்லை' என்றது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

மூலை மேசைத் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் மேசையில் மட்டும் வயரெல்லாம் ரப்பர் வளையத்தில் சுருட்டி வைத்திருக்கிறது. அவள் பைத்தானில் சோதனைகள் எழுதுகிறவள். அதாவது மூன்றாவது மொழி, இன்னொரு பாலம். வீட்டில் அவள் தம்பி, முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் பழகுகிறானாம். அந்த மொழியும் பைத்தான் முதுகில் சவாரி செய்வதுதான். பையன் தமிழில் 'பதிப்பி' என்று எழுதினால் அடியில் பைத்தான் அச்சிட்டுத் தருகிறது. "எங்க வீட்ல எல்லாருக்கும் பாலம்தான் பொழப்பு" என்றாள்.

போன மாதம் அவள் இரண்டு நாள் தேடிய பிழை ஒன்றைக் கேளுங்கள். எத்தனை சொற்களை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு ஓர் எண் தர வேண்டும். யாரோ கைதவறி அந்த இடத்தில் 'உண்மை' என்று எழுதிவிட்டார்கள். பாலத்தில் 'நீ எண்ணா?' என்று கேட்டிருக்கிறது. பைத்தானில் உண்மை, பொய் என்கிற வகை, முழு எண் என்ற வகையின் பிள்ளை. ஆகவே அது கூசாமல் 'ஆமாம், நான் எண் குடும்பம்' என்றது. உண்மைக்கு மதிப்பு 1. செயலி விழவில்லை, அழவில்லை. எந்தச் சொல்லைத் தட்டினாலும் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். இப்போது அவள் வரிசையை மாற்றிவிட்டாள். முதலில் 'நீ உண்மை பொய்யா?', அதற்குப் பிறகே 'நீ எண்ணா?' பிள்ளையை முதலில் கேட்டுவிட வேண்டும். அப்பாவை முதலில் கேட்டால் பிள்ளையும் அந்தப் பெயரிலேயே உள்ளே போய்விடும்.

பத்தரைக்குச் சாப்பாடு வந்தது. மாமாக் கடையிலிருந்து தாப்பாவ். ரொட்டி சானாய், தால்சா, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக். அந்தப் பைகளை எங்கே வைப்பது? திரைகளின் மூலையில்! ஐந்து திரைகளில் ஐந்து தேநீர்ப் பை, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு துளி சிந்தினால் கணினி போய்விடுமே என்று எனக்குப் பதற்றம். "ஆறு வருஷமா தொங்குது" என்று அண்ணே ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொள்கலப் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அப்பா அவருக்குக் கற்றுத் தந்தது பெட்டியின் கதவில் எழுதியிருப்பதைப் படிப்பது. நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றதெல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் இலக்கம். அதற்குக் கீழே 22 ஜி 1 என்று ஒரு குறி. முதல் 2 என்றால் இருபதடி நீளம், அடுத்த 2 என்றால் எட்டரையடி உயரம், ஜி என்றால் பொதுச் சரக்கு. அந்த இடத்தில் ஆர் இருந்தால் குளிர்பெட்டி.

"அப்பா சொல்வாரு, பெட்டிமேல எழுதியிருக்கறதப் படிக்கறது ஒரு வேலைடா. முத்திரை உடையாம இருக்கான்னு பாக்கறது ரெண்டாவது வேலை. சந்தேகம் வந்தா தெறந்து பாக்கணும், அது மூணாவது. மொதல் வேலைய மட்டும் பாத்துட்டு வீட்டுக்குப் போறவன் என்னிக்காவது மாட்டுவான்."

இந்தக் கதையை அவர் சொல்லி முடிக்கும்போது தங்கச்சி என்னைப் பார்த்து விரலால் எண்ணிக் காட்டினாள்: இது அவள் கேட்பது பதினேழாவது தடவையாம். பாதகமில்லை, எனக்கு முதல் தடவை! அன்றைய இரவின் சாவியே அந்தக் கதைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கை கழுவிவிட்டு வந்ததும் அண்ணே எனக்கு ஒரு தேர்வு வைத்தார். இங்கே வேலைக்கு வருகிற எல்லாருக்கும் வைக்கிற தேர்வு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்றேன், இரண்டாம் வகுப்பிலிருந்து தெரிந்த விடை. சரிதான். ஆனால் கோட்லினைக் கேட்டால் ஐந்து என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியே எண்ணும். சி பிளஸ் பிளஸ் கரையில் கேட்டால் பதினைந்து. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். மூன்று, ஐந்து, பதினைந்து. மூன்றும் சரி! யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. "மூணும் சரின்னு யாரு ஒத்துக்கறாங்களோ அவங்களதான் வேலைக்கு எடுப்பேன்" என்றார். நான் தேறிவிட்டேன் என்று தலையாட்டினார்; அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை.

இந்த ஊருக்கு இது புதுப் பித்து இல்லை. முத்து நெடுமாறனின் முரசு இங்கே கோலாலம்பூரில் 1985இலேயே தொடங்கிவிட்டது. ஆப்பிள் கணினிகளில் இணைமதி என்று ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறதே, அதுவும் அவர் கைவண்ணம். 2001 ஆகஸ்டில் உலகத் தமிழ் இணைய மாநாடு இந்த நகரத்தில் கூடியது. அண்ணே அப்போது பள்ளிப் பிள்ளை. மாமா வீட்டுக் கணினியில் முரசு அஞ்சலில் தன் பெயரை முதல்முதலாகத் தமிழில் தட்டிய நாளைச் சொல்லும்போது தேநீர்ப் பையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பதினொன்றே முக்கால். எல்லாம் முடிந்து மூட்டை கட்டுகிற நேரம். "அண்ணே, கிள்ளான் தாத்தா" என்றாள் தங்கச்சி. அறை கப்சிப்.

கிள்ளான் தாத்தா என்பவர் இவர்களுடைய தீவிர வாசகர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜாலான் தெங்கு கெலானா பக்கம் கடை வைத்திருந்த குடும்பம். அவருடைய தகப்பனாரின் பழைய கணக்கு நோட்டுகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், பேரப்பிள்ளைகளுக்காக. அந்த நோட்டுகளில் தொகையெல்லாம் பழைய தமிழ்ப் பின்னக் குறிகளில். காலும் அரையும் நமக்குத் தெரியும். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. முந்திரி? முந்நூற்று இருபதில் ஒன்று! அந்தத் துளிக்கு ஒரு தனிக் குறி. இப்படி 51 பழந்தமிழ்க் குறிகளை யூனிகோடு 2019இல்தான், தன் 12ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. தாத்தா கேட்டாரென்று இவர்கள் அவற்றைச் செயலியில் வைத்தார்கள், எழுத்துருவோடு. ஆனால் தாத்தா முந்திரியைத் தட்டினால் குப்பை எழுத்து வருகிறதாம். இங்கே இருக்கிற எல்லாப் போனிலும் அழகாக வருகிறது.

"தாத்தா என்ன போன் வெச்சிருக்காரு?"

இழுப்பறை திறந்தது. ஐயோ, அந்த இழுப்பறையை நீங்கள் பார்க்க வேண்டும்! இருபது, இருபத்தைந்து பழைய கைப்பேசிகள். விரிசல் விட்டவை, ரப்பர் வளையம் போட்டு மூடியைப் பிடித்து வைத்தவை, முதுகில் பிளாஸ்திரி ஒட்டி 'அத்தையோடது' என்று எழுதியது. தாத்தாவிடம் இருக்கிற அதே பழைய மாதிரி ஒன்று அடியில் கிடந்தது. மின்னேற்றவே இருபது நிமிடம். ஐந்து பேரும் அதைச் சுற்றி, குளிர்காய்கிற மாதிரி. பாலத்தில் கூடுதல் காவலைப் போடும் ஒரு வசதியை ஓடவிட்டு, முந்திரியைத் தட்டினார்கள். செயலி சுருண்டு விழுந்தது. ஐந்து பேரும் "ஆங்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். விழுந்ததற்கு இத்தனை சந்தோஷமா? ஆமாம், குப்பை எழுத்து காரணத்தைச் சொல்லாது. விழுந்தால் காவல்காரர் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் போவார்.

காரணத்தை அண்ணே எனக்குத் துடைப்புத்தாளில் வரைந்து காட்டினார். தமிழ் எழுத்தெல்லாம் மூன்று பைட் சட்டை போட்டு வரும். பாலத்துக்கு அது பழக்கம். முந்திரிக் குறி வெகுதூரத்துத் தெருவில் குடியேறியதால் அதற்கு நான்கு பைட் சட்டை. பாலம் கட்டிய 1997இல் அந்தத் தெருவில் ஒரு வீடும் எழும்பியிருக்கவில்லை. அங்கே முதல் எழுத்துகள் குடிவந்ததே 2001இல். அந்தத் தெருக்காரர்கள் வந்தால் இரண்டு மூன்று பைட் சட்டையாக, ஆறு பைட்டாக வர வேண்டும் என்பது பாலத்தின் பழைய வழக்கம். புதிய கைப்பேசிகள் நான்கு பைட்டைக் கண்டும் சமாளித்துக்கொள்கின்றன. தாத்தாவின் கைப்பேசிக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியவில்லை. 'யார் நீ' என்று கேட்டால் 'எழுத்துச்சரம்' என்று சரியான பதில்தான் வருகிறது. பெட்டிமேல் எழுதியிருப்பது சரி, முத்திரையும் சரி, உள்ளே சரக்கு வேறு கட்டில் இருக்கிறது.

"அப்பாவோட மூணாவது வேலை" என்றாள் தங்கச்சி மெதுவாக. பதினேழு தடவை கேட்டவள்!

அப்புறம் நடந்தது இருபது வரி மாற்றம்தான். இனிமேல் பாலத்தில் எழுத்துச்சரம் என்ற பெயரில் எதையும் அனுப்புவதில்லை. வெறும் பைட்டுகளாக, 'நான் பைட் வரிசை' என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டு போகும். கோட்லின் கரை சேர்ந்த பிறகு அங்கே இருப்பவர்களே அதைப் பிரித்து எழுத்தாக்கிக்கொள்வார்கள். மூன்றே பேர் தட்டச்சு செய்தார்கள், மற்ற இரண்டு பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கண்ணாடித் தம்பி ஓர் இடத்தில் அரைப்புள்ளியை மறந்து, நாலு பேரிடமும் ஒரே சமயத்தில் திட்டு வாங்கினான். இரவு ஒன்று பத்துக்கு இழுப்பறைக் கைப்பேசியின் கீறல் விழுந்த கண்ணாடிக்குள் முந்திரி எழுந்து நின்றது. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. அதைப் பார்த்து இத்தனை பேர் கைதட்டி நான் கண்டதில்லை. சோதனைக்காரத் தம்பி மட்டும் கைப்பேசியைக் காதருகே வைத்துவிட்டு, "டாக்பேக்குக்கு இது பேரே தெரியல அண்ணே, சும்மா இருக்கு" என்றான். அதுவும் பலகையில் ஏறியது, அடுத்த பதிப்புக்கு.

காலை பத்துக்குப் பதிப்பு வெளியானது. அண்ணேயும் நானும் பதினொரு மணிக்கு கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினோம், கிள்ளானுக்கு. அவர் சுபாங் ஜெயா தாண்டும்போதே தூங்கிவிட்டார். ஷா ஆலாம், பாடாங் ஜாவா எதுவும் அவருக்குத் தெரியாது. புக்கிட் பாடாக்கில் நான்தான் எழுப்பினேன்.

ஜாலான் தெங்கு கெலானாவில் வெயில் கொளுத்துகிறது. மல்லிகைச் சரம், பித்தளை விளக்கு, பலகாரத் தட்டு, சேலைக் குவியலுக்கு நடுவே ஆள் நகர இடமில்லை. பெரியவர் ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார், மடியில் துணி சுற்றிய நோட்டு. "பசியாறியாச்சா?" என்று முதலில் கேட்டார். பசியாறிவிட்டோம் என்று சொன்னால் விடுகிற ஆள் இல்லை, கோப்பி வந்தது.

பிறகுதான் கைப்பேசி. அண்ணே புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தார். ராத்திரி முழுவதும் கூத்தாக இருந்த மனிதர் இப்போது வாயே திறக்கவில்லை. பேப்பர் திருத்தும் வாத்தியார் முன் நிற்கிற பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியவர் நோட்டைப் பிரித்தார். பழுப்புத் தாள், ஓரத்தில் செல்லரிப்பு. ஒரு வரியில் விரல் வைத்து, அரிசி என்று தட்டினார். எண்ணெய். கருவாடு. அப்புறம் தேடித் தேடி முந்திரியை அமுக்கினார்.

வந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதையும் அதையும். மறுபடி இதை.

"முந்திரிதான். ஆனா எங்க அப்பா கை இப்படி இல்லையேப்பா. கடைசில இன்னும் கொஞ்சம் சுழிப்பாரு."

"எப்படிங்கய்யா?" என்று அண்ணே நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கோப்பிக்கடைத் துடைப்புத்தாளில், அப்பா எப்படி இழுப்பார் என்று வரையத் தொடங்கினார்.